ஊர் அம்புலன்ஸ் இலக்கத்துக்குச் சர்வதேச அங்கீகாரம் வாங்கலாமா?

கல்முனைப் பக்கம் ஒரு ஊர் நலன்புரிச் சங்கத்தில் இருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. சங்கத்திடம் இரண்டு அம்புலன்ஸ் வண்டிகள், ஒரு கைபேசி இலக்கம், முறை போட்டு அந்தக் கைபேசியை வைத்திருக்கும் சில இளைஞர்கள். வெளிநாட்டில் பதிந்த ஒரு நிறுவனம் 'அவசர அழைப்பு நிலையங்களுக்கான சர்வதேச அங்கீகாரம்' தருவதாகச் சொல்லி, இரண்டு நாள் இணைய வகுப்புக்கும் சான்றிதழுக்கும் சேர்த்துப் பெரிய தொகை கேட்கிறது. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் காசு தரத் தயார். வாங்கலாமா, வாங்கினால் பயன் உண்டா, இந்த வேலையில் உண்மையான தரம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம் தம்பி. அந்தக் காசுக்கு வேறு நல்ல செலவுகள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன். நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். வளைகுடா நாடொன்றில் அம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் முதலில் அழைப்பு எடுத்தேன். பிறகு மற்றவர்கள் எடுத்த அழைப்புகளைக் கேட்டுப் புள்ளி போடும் வேலைக்கு மாறினேன். அங்கீகாரக் குழு வரும்போது அந்த அறை எப்படி இருக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: தன்னைத் தானே ஏற்கெனவே அளந்துகொண்டிருக்கும் நிலையத்துக்கு வெளியாள் ஒருவர் வந்து, அந்த அளவுகள் மெய்யா பொய்யா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பதுதான் அங்கீகாரம். நீங்கள் இன்னும் அளக்கவே தொடங்கவில்லை. வருபவர் பார்க்க அங்கே எதுவும் இருக்காது.

சான்றிதழ் என்ற ஒரே பேரில் மூன்று வேறு சரக்குகள் விற்கப்படுகின்றன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று ஆளுக்குக் கிடைப்பது: இவர் அவசர அழைப்பு எடுக்கப் பயிற்சி பெற்றவர், பரீட்சையில் தேறியவர் என்பது. இன்னொன்று நிலையத்துக்குக் கிடைப்பது. மூன்றாவது, சான்றிதழ் கொடுக்கிறவருக்கே கிடைப்பது. இந்த மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் கவனிப்பதில்லை. இலங்கையில் ஐ.எஸ்.ஓ. 9001 போன்ற முகாமைத்துவத் தரச் சான்றிதழை இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் சில தனியார் நிறுவனங்களும் கொடுக்கின்றன. அப்படிக் கொடுக்கிறவர்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே 2005ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கைத் தராதர அங்கீகார சபை இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் இப்படி ஒரு சபை உண்டு. உங்களிடம் காசு கேட்கும் நிறுவனத்தை எந்தச் சபை அங்கீகரித்தது என்று ஒரு வரியில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்தக் கேள்வியோடேயே காணாமல் போவார்கள்.

அழைப்பு நிலையங்களுக்கென்று ஐ.எஸ்.ஓ. 18295 என்ற தரம் 2017இல் வந்தது. அது வங்கி, தொலைபேசிக் கம்பனி மாதிரியான வாடிக்கையாளர் சேவை நிலையங்களை மனத்தில் வைத்து எழுதியது. அதை உயிர் போகிற அழைப்பு எடுக்கும் இடத்துக்குத் தரம் என்று யாராவது கொண்டுவந்து காட்டினால் மயங்க வேண்டாம்.

அவசர மருத்துவ அழைப்பில் உலகம் மதிக்கிற பேர் என்றால், அமெரிக்காவின் சோல்ட் லேக் சிட்டியில் இருக்கும் சர்வதேச அவசர அனுப்புகை அகாடமிகளைச் சொல்லலாம். அந்த நகரத்தில் ஜெஃப் குளோசன் என்ற டொக்டர் 1970களின் கடைசியில், அழைப்பு எடுப்பவர் என்ன கேட்க வேண்டும், எந்த ஒழுங்கில் கேட்க வேண்டும், வண்டி போய்ச் சேரும்வரை வீட்டுக்காரருக்கு என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று அட்டைகளாக எழுதினார். அதுதான் வளர்ந்து இன்று பல நாடுகளில் கணினியில் ஓடுகிறது. அந்த அகாடமி நிலையங்களுக்குக் கொடுக்கும் அங்கீகாரத்துக்கு 20 நிபந்தனைகள். எல்லாரும் தேறியவர்களா, அழைப்புகளை எழுந்தமானமாக எடுத்து மீளாய்வு செய்கிறார்களா, கேள்வி ஒழுங்கைப் பின்பற்றும் வீதம் எவ்வளவு, மருத்துவப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறாரா, தொடர் பயிற்சிக்கு ஆதாரம் எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் பதிவு கேட்பார்கள். கிடைத்த அங்கீகாரமும் மூன்று வருடத்துக்குத்தான். ஆளின் சான்றிதழ் இரண்டு வருடம், அதற்குள் 24 மணித்தியாலத் தொடர் பயிற்சி முடித்து மறுபடி பரீட்சை. இதில் எதையும் இரண்டு நாள் இணைய வகுப்பில் முடிக்க முடியாது. அவர்களுடைய கேள்வி முறையை விலைக்கு வாங்கிப் பயன்படுத்தும் நிலையங்களுக்குத்தான் இந்த அங்கீகாரம் என்பதால், உங்கள் சங்கத்துக்கு இது இப்போது எட்டாது, தேவையும் இல்லை.

அமெரிக்காவில் கலியா என்ற ஆணைக்குழு 1979இல் பொலிஸ் நிறுவனங்களுக்கென்று தொடங்கி, பின்னர் அவசர அழைப்பு நிலையங்களுக்கும் அங்கீகாரம் கொடுக்க ஆரம்பித்தது. 1935இல் தொடங்கிய ஆப்கோ என்ற சங்கம் நிலையத்தின் பயிற்சித் திட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்துச் சான்று கொடுக்கிறது. பேர்களைத் தெரிந்து வைத்திருங்கள், போதும்.

சரி, அளப்பது என்றால் எதை?

முதலாவது, மணி அடித்து எத்தனை விநாடியில் எடுக்கிறீர்கள் என்பது. லண்டனில் 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். தீயணைப்புப் படைக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்த அயலவர், தொலைபேசி நிலையத்தின் வரிசையில் காத்துக் கிடந்தார். அந்தக் கோபம் பத்திரிகைக் கடிதமாகி, விசாரணையாகி, 1937 ஜூன் 30ஆம் திகதி 999 என்ற இலக்கம் பிறந்தது. உலகில் அவசர இலக்கம் என்ற ஒன்று வந்ததே வரிசையில் காத்திருந்த ஒரு மனிதரால்தான்.

இன்று அமெரிக்காவின் தேசிய அவசர இலக்கச் சங்கம் வைத்திருக்கும் தரம்: 100க்கு 90 அழைப்புகள் 15 விநாடிக்குள், 95 அழைப்புகள் 20 விநாடிக்குள் எடுக்கப்பட வேண்டும். ஏன் சராசரியைக் கேட்காமல் இப்படிக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பத்து அழைப்பில் ஒன்பதை 5 விநாடியில் எடுத்து, ஒன்றை 100 விநாடி அடிக்க விட்டால் சராசரி பதினாலரை விநாடிதான். ஆண்டறிக்கையில் அழகாக இருக்கும். அந்தப் பத்தாவது வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சராசரி மறைத்துவிடும்.

உங்கள் விடயத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு கைபேசி. அதில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு வீட்டிலிருந்து எடுத்தால் 'பிசி' என்று வரும். அந்த அழைப்பு உங்கள் கொப்பியில் ஏறாது, கணக்கிலும் வராது. நீங்கள் 'எல்லாக் கோலும் எடுத்தோம்' என்று மனச்சாட்சியோடு சொல்வீர்கள், எடுக்க முடியாதவர் ஆட்டோ பிடித்துப் போயிருப்பார். ஆகவே முதல் செலவு இதுதான்: முதல் இலக்கம் பிசியானால் அடுத்த கைபேசிக்குத் தானாகப் போகும் ஒழுங்கைத் தொலைபேசிக் கம்பனியிடம் கேட்டு வாங்குங்கள். தவறிய அழைப்பு எதுவானாலும் உடனே திருப்பி எடுக்க வேண்டும் என்பதை விதியாக வையுங்கள். 'மிஸ் கோல்தானே, தேவை என்றால் திரும்ப எடுப்பார்கள்' என்ற எண்ணம் இந்த வேலைக்கு ஆகாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் திரும்ப எடுக்கமாட்டார்.

இரண்டாவது இடம். எங்கள் பக்கத்தில் தரம் என்பதன் முக்கால் பங்கு இதில்தான் இருக்கிறது என்பேன்.

நல்ல நிலையங்களில் எந்த அழைப்பானாலும் முதல் கேள்வி 'எங்கே' என்பதுதான், 'என்ன நடந்தது' பிறகுதான் வரும். காரணம் எளிது: தொடர்பு அறுந்தாலும் இடம் தெரிந்தால் வண்டி போகலாம். ஆனால் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் ஊர்ப் பேர் மட்டும் போதாது. பாலமுனை என்றால் காத்தான்குடிக்குப் பக்கத்திலும் இருக்கிறது, அட்டாளைச்சேனைக்குப் பக்கத்திலும் இருக்கிறது. நடுவில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். தாண்டியடி வவுணதீவிலும் உண்டு, திருக்கோவில் பக்கமும் உண்டு. புதுக்குடியிருப்பு என்றால் வெளியூர்க்காரருக்கு முல்லைத்தீவுதான் ஞாபகம் வரும், ஆரையம்பதிக்குத் தெற்கே ஒன்று இருப்பது தெரியாது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டியிருக்கும், ஒழுங்கை இலக்கம் இல்லாமல் தேட முடியாது. மேற்கே படுவான்கரையில் வயலுக்குள், வாடிக்குள், குளக்கட்டில் இருந்து அழைப்பு வரும். அங்கே வீட்டு இலக்கம் என்ற பேச்சே கிடையாது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவது சுகமாகிவிட்டது உண்மைதான். ஆனால் வாவியின் எந்தக் கரை, எந்தப் பாலத்தால் வர வேண்டும் என்று தெரியாத சாரதி இன்றைக்கும் அரை மணித்தியாலத்தை வீணாக்கலாம்.

அதனால் உங்கள் கேள்வித் தாளில் இடம் என்பதற்கு ஒரு வரி போதாது. மாவட்டம், பிரதேச செயலகப் பிரிவு அல்லது பக்கத்து ஆஸ்பத்திரி, வீதி, பிறகு கோயிலோ பள்ளிவாசலோ பாடசாலையோ. பிரதான வீதி என்றால் கிலோமீற்றர் கல். பொத்துவில் தொடக்கம் மட்டக்களப்பு வரை ஓடும் ஏ4 வீதியில் விபத்தைப் பார்த்துச் சொல்கிறவர் பெரும்பாலும் வழிப்போக்கர், அவருக்கு ஊர் தெரியாது, கல்லில் உள்ள இலக்கத்தை வாசிக்கத் தெரியும். இதெல்லாம் கேட்ட பிறகு, கேட்டதை நீங்கள் திரும்பச் சொல்லி அவர் 'ஓம்' என்று சொல்ல வேண்டும். திரும்பச் சொல்லாத இடம் உறுதிப்படுத்தாத இடம் என்று எங்கள் அறையில் புள்ளி வெட்டுவோம்.

ஐரோப்பாவில் 2022 மார்ச்சிலிருந்து சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்கள் 112 என்ற அவசர இலக்கத்துக்கு எடுத்தால் தம் இடத்தைத் தாமே அனுப்பும் வசதியோடு இருக்க வேண்டும் என்று விதி. நம்மூர் 1990 அம்புலன்ஸ் சேவைக்கும் (சுவசெரிய) இடத்தைக் காட்டும் செயலி ஒன்று உண்டு. உங்கள் சங்கத்துக்கு வட்ஸ்அப்பில் இடத்தை அனுப்பச் சொல்வதே போதுமான தொழில்நுட்பம். ஆனால் ஒன்று: அது துணைக்குத்தான். எழுபது வயது ஆச்சியிடம் 'லொகேஷன் அனுப்புங்க' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும் இளைஞனை நான் எந்தப் பரீட்சையிலும் தேற விடமாட்டேன்.

மூன்றாவது, நோயாளியைப் பற்றிய இரண்டு கேள்விகள். ஒரு அழைப்பு இப்படி வரும்:

"தம்பி, கெதியா வாங்க, என்ட மனுசன் விழுந்து கிடக்காரு."

இடம் கேட்டு உறுதியாக்கியாயிற்று. அடுத்து, "கூப்பிட்டா கண்ணத் திறக்காரா, பேசுறாரா?"

"இல்ல தம்பி."

"மூச்சு எப்பயும் போல விடுறாரா?"

"இடைக்கிட குறட்டை மாதிரி இழுக்காரு."

இந்தக் கடைசிப் பதிலில்தான் தேர்ந்தவரும் தேராதவரும் பிரிகிறார்கள். தேராதவர் 'மூச்சு இருக்கிறது' என்று எழுதிவிட்டு வண்டியை அனுப்புவார். இடைக்கிடை இழுக்கும் அந்தக் குறட்டை, இதயம் நின்றவரின் கடைசி மூச்சிழுப்பாக இருக்கலாம் என்று பயிற்சி பெற்றவருக்குத் தெரியும். உணர்வு இல்லை, மூச்சு வழமையாக இல்லை. இரண்டுக்கும் 'இல்லை' என்றால் மேற்கொண்டு கேள்வி வேண்டாம், நெஞ்சை அழுத்தச் சொல்லித் தொடங்க வேண்டும். அமெரிக்க இதயச் சங்கம் தொலைபேசி வழி முதலுதவிக்கு வைத்திருக்கும் இலக்கு இது: இதயம் நின்றதை அழைப்பு எடுப்பவர் 90 விநாடிக்குள் இனங்காண வேண்டும், 150 விநாடிக்குள் வீட்டுக்காரரின் கை நெஞ்சில் முதல் அழுத்தம் கொடுத்திருக்க வேண்டும். கல்முனையிலிருந்து எந்த வண்டியும் இரண்டரை நிமிடத்தில் போய்ச் சேராது. அந்த இரண்டரை நிமிடத்தில் நோயாளிக்கு இருக்கிற ஒரே உதவி தொலைபேசியில் இருப்பவரின் குரல்தான்.

ஆகவே அந்தக் குரல் என்ன சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், அதுவும் எங்கள் பேச்சுத் தமிழில். 'நோயாளியை மல்லாந்த நிலையில் கிடத்தி மார்பெலும்பின் மத்தியில்' என்று வாசித்தால் பதறி நிற்கிற மனிசிக்கு ஒன்றும் ஏறாது. 'கட்டில்ல இருந்து நிலத்தில இறக்குங்க. நெஞ்சுக்கு நடுவில ஒரு கைய வைங்க, அதுக்கு மேல மற்றக் கைய வைங்க. நல்லா அமத்துங்க, நான் எண்ணுறன், என்னோட எண்ணுங்க.' நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஐந்து சென்ரிமீற்றர் ஆழம். எண்ணுவது நீங்கள். வண்டி போய்ச் சேரும்வரை தொடர்பை வெட்டக் கூடாது.

இப்படி எழுதும் ஒவ்வொரு தாளிலும் ஒரு டொக்டரின் கையெழுத்து இருக்க வேண்டும். மேலே சொன்ன அகாடமியின் அங்கீகாரத்தில் மருத்துவப் பொறுப்பாளர் இல்லாமல் நிலையம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, கல்முனையில் இருக்கும் ஆதார வைத்தியசாலைகளிலோ ஊர் மேல் அக்கறையுள்ள டொக்டர் ஒருவர் கிடைக்காமல் போகமாட்டார். அவரிடம் முதலில் எழுதி வாங்க வேண்டியது நெஞ்சழுத்தம், அடுத்தது பாம்புக்கடி. வயல் வெட்டு, சூடடிப்புக் காலத்தில் அந்த அழைப்புகள் நிச்சயம் வரும். கடிவாயைக் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஆளை நடக்க விடாதீர்கள், பாம்பைத் தேடி அடிக்கப் போகாதீர்கள் என்று நிதானமாகச் சொல்ல ஒருவர் தொலைபேசியில் இருந்தால் அதுவே பாதி வைத்தியம். நீரில் மூழ்கல், பிரசவம், வலிப்பு, தீக்காயம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். டொக்டர் ஒப்பமிடாத ஆலோசனையை, சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும், தொலைபேசியில் சொல்லக் கூடாது.

'எழுதி வைத்ததை வாசிக்க மனிசன் எதற்கு, அனுபவம் இருந்தால் போதாதா' என்று மூத்த தொண்டர்கள் சண்டைக்கு வருவார்கள். எங்கள் அறையிலும் வந்தார்கள். அனுபவசாலி நூற்றில் தொண்ணூறு தரம் சரியாகக் கேட்பார் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரவு மூன்று மணிக்கு, நாலாவது அழைப்பில், தன் சொந்த ஊரிலிருந்து அழும் குரல் கேட்கும்போதும் கேள்வி தவறாமல் வரவேண்டும் என்பதற்காகத்தான் தாள்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் விடயத்துக்கு வருகிறேன். அழைப்புகளைப் பதிவு செய்து, வாராவாரம் உட்கார்ந்து கேட்பது. இதைச் செய்யாத நிலையம் எந்தப் பட்டத்தை மாட்டிக்கொண்டாலும் எனக்கு அது வெறும் தொலைபேசிதான். ஆளுக்கு வாரம் இரண்டு அழைப்பு போதும், எழுந்தமானமாக எடுக்க வேண்டும். நல்ல அழைப்பைத் தேடி எடுத்தால் அது விளம்பரம், கெட்டதைத் தேடி எடுத்தால் அது பழிவாங்கல். இடத்தைத் திரும்பச் சொன்னாரா, திருப்பி எடுக்க இலக்கம் வாங்கினாரா, இரண்டு கேள்வியும் கேட்டாரா, அழுகிறவரை அதட்டினாரா, தொடர்பை அவரே முதலில் வெட்டினாரா. ஒரு பக்கத் தாளில் இது அடங்கும். கேட்கிற ஆள் சங்கத் தலைவராக இருக்கக் கூடாது. அவர் கேட்டால் எல்லாரும் பயந்து நடிப்பார்கள். நான் வேலை செய்த இடத்தில் ஒரு காலம் புள்ளி குறைந்தவரின் பேரைச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த மாதமே எல்லாருடைய புள்ளியும் ஏறியது. மீளாய்வுக்கு வரும் இலகுவான அழைப்புகளில் மட்டும் எல்லாரும் கவனமாக இருந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

பதிவு செய்தால் பாதுகாக்கவும் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவத் தகவலை விசேட வகையாகப் பார்க்கிறது. சட்டத்தை விடுங்கள், எங்கள் ஊர்களில் ஒரு குரல் பதிவு வட்ஸ்அப் குழுவுக்குள் விழுந்தால் பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். நஞ்சு குடித்த பிள்ளையின் தாய் கதறிய குரல் அப்படிச் சுற்றினால், அடுத்த தாய் உங்கள் இலக்கத்துக்கு எடுக்கமாட்டார். பதிவு யாருடைய தனிக் கைபேசியிலும் இருக்கக் கூடாது, யார் கேட்கலாம், எத்தனை மாதத்தில் அழிப்பது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீறியவர் அன்றைக்கே வெளியே.

1990ஐப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் சங்கத்தில் சிலருக்கு அதனோடு போட்டி என்ற நினைப்பு இருக்கக்கூடும். சுவசெரிய 2016 ஜூலையில் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கியது. ஹைதராபாத்தில் 2005இல் தொடங்கிய 108 சேவையை நடத்தியவர்கள்தான் ஆரம்பத்தில் இதற்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2018இல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது, வடக்கு, கிழக்கு என்று நாடு முழுவதும் விரிந்தது. மும்மொழியிலும் அழைப்பு எடுக்கிறார்கள், வண்டியில் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் இருக்கிறார், காசு வாங்குவதில்லை. உங்கள் வண்டியில் ஒக்சிசன் சிலிண்டரும் நல்ல மனமும்தான் இருக்கிறது என்றால், உயிராபத்தான அழைப்பு எதுவும் 1990க்குப் போவதுதான் முறை. உங்கள் பலம் வேறு இடத்தில்: ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, வாராவாரம் டயலிசிஸ், 1990 வண்டி தூரத்தில் இருக்கும் நேரம்.

அப்படி மாற்றும்போது 'இது நாங்கள் இல்லை, 1990க்கு எடுங்கள்' என்று சொல்லி வைத்துவிடுவது தரமல்ல. மற்றக் கைபேசியில் நீங்களே எடுத்து, இடத்தையும் திருப்பி எடுக்கும் இலக்கத்தையும் கொடுத்து, அவர்கள் ஏற்றுக்கொண்டதைக் காதால் கேட்ட பிறகுதான் உங்கள் பொறுப்பு முடிகிறது. பொலிசுக்கு 119, அனர்த்தத்துக்கு 117, சிறுவர் விடயத்துக்கு 1929 எல்லாவற்றுக்கும் இதே விதி. அம்பாறை மாவட்டத்தில் கரையோரம் தமிழ், உள்ளே சிங்களம். ஏ4 வீதியில் அடிபட்டுக் கிடப்பவர் எந்த மொழி பேசுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையிலும் சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரை உடனே தொடர்பில் இணைக்க வழி இருக்க வேண்டும்.

பெரிய அனர்த்தம் என்று வந்தால் கணக்கே மாறும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் அதற்கான நிலையமும் வந்தன. எங்கள் பக்கம் கடலை மட்டும் பார்த்தால் போதாது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களோடு போன உழவு இயந்திரத்தை நீர் இழுத்துப் போனதை அம்பாறையில் யாரும் மறக்கவில்லை. அப்படியான நேரத்தில் ஒரே சம்பவத்துக்குப் பல அழைப்பு வரும், ஒவ்வொருவரும் இடத்தை வேறு விதமாகச் சொல்வார்கள். எல்லாம் ஒன்றா, இரண்டு வேறு சம்பவமா என்று பிரிக்க ஒருவர் தனியாக உட்கார வேண்டும். அவர் அழைப்பு எடுக்கக் கூடாது. மின்சாரம் போய்ச் சில மணித்தியாலத்தில் கைபேசிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும் என்பதால், இரண்டு வேறு கம்பனிகளின் சிம், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், வெள்ளம் ஏறாத இன்னொரு வீட்டில் மாற்று இடம் என்பது குறைந்தபட்சம். அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 1225ஆம் இலக்கத் தரம் மாற்று மின்சாரத்தையும் மாற்று நிலையத்தையும் பற்றிப் பேசுகிறது. உங்களுக்கு ஒரு ஜெனரேட்டரும் ஒரு மேல்மாடி அறையும் போதும்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அமெரிக்காவில்கூட அழைப்பு எடுப்பவரை அரசாங்கத் தொழில் பட்டியலில் நீண்ட காலம் எழுதுவினைஞர் வகையிலேயே வைத்திருந்தார்கள், அதை மாற்றக் கேட்டுப் போராட்டமே நடந்தது. அதன் அர்த்தம் இங்கேயும் ஒன்றுதான்: வண்டியில் போகிற பையனுக்கு ஊர் நன்றி சொல்கிறது, தொலைபேசியில் இருந்தவனை யாரும் கேட்பதில்லை. கெட்ட அழைப்பு எடுத்தவரை அன்றைக்கு மாற்றிவிட்டு, ஒருவர் பக்கத்தில் இருந்து பேச வேண்டும். பகல் முழுக்க வேலை செய்தவரை இரவு முழுக்க வைத்திருக்கக் கூடாது. தொண்டர்தானே என்று சொல்லித்தான் இந்த விதியை முதலில் உடைப்பார்கள்.

இவ்வளவையும் ஒரே கிழமையில் செய்ய முடியாது. முதலில் ஒரு கொப்பி: மணி அடித்த நேரம், எடுத்த நேரம், இடம் உறுதியான நேரம், வண்டி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த நேரம். எல்லாம் ஒரே மணிக்கூட்டில், சாரதியின் கைக்கடிகாரத்தில் ஒன்று, உங்கள் கைபேசியில் ஒன்று என்றால் கழித்துப் பார்க்கும்போது வண்டி கிளம்ப முதலே போய்ச் சேர்ந்திருக்கும். அடுத்து இரண்டாவது இலக்கம், பதிவு, டொக்டர் ஒப்பமிட்ட தாள்கள். எல்லாருக்கும் செஞ்சிலுவைச் சங்கத்திடமோ சென் ஜோன் அம்புலன்ஸிடமோ முதலுதவிப் பயிற்சி. ஊர்க்காரர் அனுப்பும் காசு இதற்குப் போகட்டும். ஆறு மாதத்துக் கணக்கு கையில் வந்தால் அதை அப்படியே ஊருக்கு வெளியிடுங்கள், 15 விநாடிக்குள் எடுக்காத அழைப்புகளையும் சேர்த்து. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அவசர இலக்கங்களின் பதிலளிப்பு நேரத்தையும் நீங்கள் எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் சுவரில் மாட்ட ஒரு தாள் வேண்டும் என்று சங்கம் நின்றால், அங்கீகார சபை ஏற்றுக்கொண்ட ஒரு நிறுவனத்திடம் ஐ.எஸ்.ஓ. 9001 வாங்குங்கள். நியாயமான தாள், அதைவிடப் பெரிதாக எதையும் அது சொல்லிக்கொள்வதில்லை. இப்போது வந்திருக்கும் நிறுவனத்துக்கு மட்டும் நான்கு வரியில் பதில் எழுதுங்கள்: உங்களை அங்கீகரித்தது யார்? எங்கள் அழைப்புப் பதிவுகளில் எத்தனையைக் கேட்பீர்கள், தமிழில் கேட்கத் தெரிந்தவர் உங்களிடம் யார்? சான்றிதழ் எத்தனை வருடத்தில் காலாவதியாகும்? இதுவரை எத்தனை நிலையங்களுக்கு 'தகுதி போதாது' என்று மறுத்திருக்கிறீர்கள்?